பாத்தி கட்டிய கை

என் வீட்டுக்காரர் கந்தப்பன் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல எனக்கு மனம் வருமோ வராதோ. குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், சோற்றில் உப்புக் குறைந்தால் தானே எழுந்து போய்ப் போட்டுக்கொள்வார். மோகனூர்ப் பக்கத்தில் பெண்சாதியை வைத்துப் பார்க்கத் தெரிந்த ஆள் யார் என்று கேட்டால் அவரைத்தான் கை காட்டுவார்கள். கூடவே சாட்சிக்கு என் இடது கையையும் காட்டுவார்கள்.

ஆற்றை ஒட்டி எங்களுக்குக் கரும்புத் தோட்டம். தை பிறந்தால் ஆலை ஆட்டுவோம். சாற்றைக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் கொப்பரையின் காதுகளில் கம்பு செருகி, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி மரத்தொட்டியில் சாய்ப்பார்கள். அந்த வருஷம் ஒரு பக்கம் பண்ணையாள் காத்தான் பிடித்திருந்தான், மறுபக்கம் என் வீட்டுக்காரர். நான் குனிந்து தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொப்பரை ஒரு பக்கமாக இறங்கியது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். காத்தானுக்கும் தெரியும், ஆனால் அவன் எப்படி வாயைத் திறப்பான். நானும் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை, அது அப்படியே போயிற்று.

வெந்நீர் என்றால் வழிந்து போய்விடும். பாகு போகாது. ஒட்டிக்கொண்டு நின்று நிதானமாக வேகவைக்கும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இடது கை வெந்துபோனது. என் நங்கையா மாரக்காள், அதாவது அவருடைய அக்கா, புருஷன் போனபிறகு எங்களோடு இருப்பவர், மோர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அப்படியே என் கையில் கவிழ்த்தார். ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டினார்கள். அங்கே போனால் கையை எடுத்துவிடுவார்கள் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். சொன்னவருக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது. என் வீட்டுக்காரர் உடனே மாட்டை அவிழ்த்துவிட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அவருடைய களிம்பு.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். சுண்ணாம்புத் தெளிவையும் தேங்காயெண்ணெயையும் சேர்த்து அடித்துப் பூசினார். குருத்து வாழையிலையைத் தண்ணீரில் அலசி மேலே போர்த்தினார். பூசுவதற்கு விரல் ஆகாது என்று வெள்ளைக் கோழியின் இறகு ஒன்றை எடுத்து, அதை நனைத்துத் தொட்டும் தொடாமலும் தடவுவார். வயலில் ஆள் காத்திருந்தாலும் இதை முடித்துவிட்டுத்தான் போவார். அந்த இறகைப் பிடித்திருந்தபோது அவர் முகம் இருந்த மாதிரி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்த முகத்துக்காக அவரை மன்னித்துவிடலாம் என்றுகூட அப்போது நினைத்தேன்.

புண் ஆறுவதும் சீழ் வைப்பதுமாக இழுத்தது. ஒருவர் வரப்பில் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டை அரைத்துப் போடச் சொன்னார், இன்னொருவர் கற்றாழையும் மஞ்சளும் என்றார். எது நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர் குடியானவர். புது விதை வந்தால் என்ன செய்வார்? ஒரே வயலில் பக்கத்துப் பக்கத்தில் பாத்தி கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு விதையைப் போட்டுப் பார்ப்பார். என் கையிலும் அதையே செய்தார். வாழை நாரை மெல்லிசாகக் கிழித்து, வெந்நீரில் அலசி, புண்ணுக்குக் குறுக்கே வரப்பு மாதிரி வைத்தார். முழங்கைப் பக்கம் மேல்பாத்தி, அதில் சுண்ணாம்புத் தெளிவு. நடுப்பாத்தியில் வெட்டுக்காயப் பூண்டின் சாறு காய்ச்சிய எண்ணெய். மணிக்கட்டுப் பக்கம் கீழ்ப்பாத்தி, அதில் கற்றாழை.

"சித்தெ ஆடாம இரு புள்ளே, ஒரு பாத்தித் தண்ணி இன்னொண்ணுல பாஞ்சிரும்" என்பார்.

சிரிப்பு வந்தது எனக்கு. அந்த நாளில் சிரிப்பு இன்னும் வந்துகொண்டிருந்தது.

நடுப்பாத்திதான் ஜெயித்தது. சீழ் வற்றி, ஓரத்திலிருந்து தளிர் மாதிரித் தோல் ஏறியது. பிறகு அதையே மேலும் மேலும் திருத்தினார். எண்ணெய் நிற்காமல் வழிகிறது என்று கொல்லிமலையிலிருந்து இறங்கும் தேன்மெழுகைச் சேர்த்தார். மெழுகு கூடிப்போய் எடுக்கும்போது புதுத் தோலையும் பிய்த்துக்கொண்டு வந்தது, அளவைக் குறைத்தார். சாற்றின் ஈரம் எண்ணெயில் தங்கிப் பூசணம் பிடித்தது. திரியை அதில் தோய்த்துக் கொளுத்தினால் படபடவென்று வெடிக்காமல் எரிகிற பதம் வரை காய்ச்ச வேண்டும் என்று கண்டுபிடித்தார். பதம் பார்ப்பது அவருக்குப் புதிதில்லை. வெல்லப் பாகுக்குப் பதம் பார்த்த அதே கண், அதே அடுப்பு. கடைசியில் குங்கிலியத்தைப் பொடித்துச் சேர்த்து இறக்கியபோது வெளிர்பச்சையில் வெண்ணெய் மாதிரி ஒரு களிம்பு கிடைத்தது. கையை முழுக்க ஆற்றியது அதுதான். பொய் சொல்ல மாட்டேன், நல்ல களிம்பு.

கை ஆறியது, ஆனால் கை வரவில்லை. விரல்கள் மடங்கும், நீளும், குடம் தூக்கும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் மட்டும் ஒன்றுமே தெரியாது. கிள்ளினால் தெரியாது, எறும்பு ஊர்ந்தால் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரியின் கையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு திரிகிற மாதிரி இருந்தது.

மனசும் அந்தக் கைக்குத் துணையாகப் போய்விட்டது. வலியில் கத்திய நாட்களுக்குப் பிறகு எனக்கு அழுகை நின்றேபோனது. என் அப்பா செத்த செய்தி வந்தபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, அடுப்பைத் தணித்துவிட்டு, கூந்தலை முடிந்துகொண்டுதான் வண்டி ஏறினேன். எழவு வீட்டில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் வந்தவர்களுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒருக்கா அழுதுபோடு சென்னி, நெஞ்சுல கட்டி நிக்குமாமா" என்று மாரக்காள் சொல்லிப் பார்த்தார்.

"வந்தா அழமாட்டனாங்க" என்றேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் சோறு வடிக்கையில் தோல் கருகும் வாடை வந்தது. எங்கே என்று சுற்றிப் பார்த்தேன். என் கைதான் அடுப்புத் திட்டில் கிடந்தது. என் வீட்டுக்காரர் பதறிப்போய்க் களிம்பைத் தடவினார். காயம் நாலைந்து நாளிலேயே காய்ந்து உதிர்ந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு என்னவோ தோன்றியது என்று எனக்குத் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை.

அடுத்த சந்தையில் தெரிந்தது. அதற்கு முன்பே அவர் சந்தையில் களிம்பை வைத்து விற்க ஆரம்பித்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் காட்டுவேன். அன்றைக்கு ஒருவர், பழைய தழும்பைக் காட்டினால் எதனால் ஆறியது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் எழுந்தார். மாட்டுக்குச் சூடு போடுகிற கம்பி ஒன்றைப் பக்கத்துக் கொல்லனிடம் வாங்கி, பழுக்கக் காய்ச்சி, என்னைப் பார்த்தார்.

"உனக்குத்தான் தெரியாதே புள்ளே" என்றார்.

தெரியவில்லைதான். சுண்டைக்காய் அளவுக்குத் தோல் பொங்கியது. நான் கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், கூட்டம் என்னை வேடிக்கை பார்த்தது. அவர் இறகால் களிம்பைத் தடவினார். அடுத்த சந்தைக்கு வந்தவர்கள் ஆறிய இடத்தைப் பார்த்துவிட்டுக் களிம்பு வாங்கிப் போனார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. புதுக் காயத்துக்கு இடம் தேடும்போது அவர் கொஞ்சநேரம் யோசிப்பார், நாற்று நடுகிறவன் சந்து தேடுகிற மாதிரி. மாரக்காள் ஒரு தடவை, "பொம்பளை கையா, அடிக்கட்டையாடா அது?" என்று அவரைத் திட்டினார். "நோவாதுக்கா, அவளையே கேட்டுப்பாரு" என்றார் அவர். மாரக்காள் கேட்டார். நோவாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

பிறகு ஜெர்மன் சண்டைக் காலம் வந்தது. சீமை மருந்து வருவது நின்றுபோய், கடைக்காரர்களெல்லாம் நாட்டு மருந்தைத் தேடி அலைந்தார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மருந்துச் சரக்குக் கடை வைத்திருந்த அங்கமுத்து என்பவர் ஒரு சந்தைக்கு வந்து, கம்பி வைப்பதைக் கடைசி வரை நின்று பார்த்தார். கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்தார்.

"இத்தினிக்காண்டு காயம் சும்மா விட்டாலே ஆறிடும்ங்க. உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணு வையுங்க. என் கடையில, என் கண்ணு முன்னால. நான் சொல்ற இடத்துல. ஒரு வாரம் எங்க வீட்டிலேயே தங்குங்க. ஆறுச்சுன்னா உங்க களிம்பை ஊர் ஊருக்கு நான் அனுப்பறேன்."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே தலையாட்டினார்.

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குச் சில நாள் முன்பு, ஈன்ற பசுவிடம் பால் கறந்துவிட்டு எழும்போது கன்றுக்குட்டி என் இடது கையை நக்கியது. சொரசொரவென்று இருந்தது. நான் சொம்பைக் கீழே வைத்தேன். மறுபடி கையை அதன் வாயருகில் நீட்டினேன். மறுபடி நக்கியது. நடுப்பாத்தியில் தெரிந்தது. கீழ்ப்பாத்தியில் லேசாகத் தெரிந்தது. மேல்பாத்தியில் இல்லை. அங்கேயே சாணியில் உட்கார்ந்துகொண்டு, கன்று சலித்துத் தாயிடம் போகும்வரை கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அங்கமுத்து பார்த்த அன்றைக்குக் கம்பி மேல்பாத்தியில் விழுந்ததால் அதுவும் வெளியே தெரியவில்லை. ஏன் என்று கேட்டால், அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தேன். தினமும் அந்தக் கையைத் தொடுகிறவர் அவர்தானே. இறகு பட்டபோது கூசியது, கையை இழுத்துக்கொண்டேன். "ஆடாதே" என்றார். அவ்வளவுதான். அவர் பார்த்துக்கொண்டிருந்தது காயத்தை.

செவ்வாய்ப்பேட்டைக்குப் புறப்படுகிற அன்று மூட்டை கட்டும்போது, சூட்டுக் கம்பி போதாது என்று ஆலைக் கொட்டகைக்குப் போய் வேறொன்றை எடுத்து வந்தார். கொப்பரையில் பாகு சுரண்டும் தட்டையான இரும்புக் கரண்டி. உள்ளங்கை அகலம் இருக்கும். அதைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றி வைத்தார். நான் கட்டுச்சோற்றை அதன்மேல் வைத்துக் கட்டினேன்.

அப்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் கரி அடுப்பு, வண்டிக்குள்ளே புகை, மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். நாமக்கல் தாண்டி ஒரு மேட்டில் இறக்கிவிட்டார்கள். புளியமர நிழலில் நடந்துகொண்டிருந்தோம். வெயில் இலைக்கு நடுவில் விழுந்து என் கையைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. அந்தச் சூடு எனக்குத் தெரிந்தது. இனி இவராகக் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று தோன்றியது.

"ஏனுங்க" என்றேன். "கையில தெரியுதுங்க."

"என்ன தெரியுது?"

"தொட்டாத் தெரியுதுங்க. சூடு தெரியுது."

நின்றுவிட்டார். மூட்டையைக் கீழே வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியால் அங்கங்கே அமுக்கினார். "இது தெரியுதா? இது? இங்கே?" ஆமாங்க, ஆமாங்க என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. அந்த இறகைப் பிடித்திருந்த நாளின் முகம் திரும்பி வந்தது. "சாமி, சாமி" என்று என்னைத்தான் சொன்னாரோ, மேலே இருப்பவரைத்தான் சொன்னாரோ. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்த மனிதர்மேல் எனக்கு ஆசை வந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

பஸ் மேட்டில் நின்று ஹாரன் அடித்தது. ஏறி உட்கார்ந்தோம். என் கையை அவர் மடியிலேயே வைத்திருந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். ராசிபுரம் வந்தது, போனது. அவர் யோசித்துக்கொண்டே வந்தார். பிறகு என் காதுப்பக்கம் குனிந்தார்.

"எந்தப் பாத்தியில இன்னும் தெரியறதில்லே, சொல்லு. அங்கெ வெச்சுக்கலாம்."

ரொம்பப் பிரியமாகத்தான் கேட்டார். எனக்கு நோகக் கூடாது என்றுதான் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அசைந்தது எதுவோ அது மறுபடி அசையாமல் படுத்துக்கொண்டது.

"மேல்பாத்தியிலீங்க" என்றேன்.

"அப்பச் சரி. அவிய கிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் மூட்டை வண்டிகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது. அங்கமுத்துவின் கடையில் வேரும் பட்டையும் கோணிகளில் நிமிர்ந்து நின்றன. பின்கட்டில் எங்களை உட்காரவைத்தார். அவர் பெண்சாதி குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார், பிறகு பார்க்காமல் உள்ளே போய்விட்டார். கரியடுப்பு ஒன்று தயாராகக் கனன்றுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் துணியைப் பிரித்துக் கரண்டியை எடுத்து நெருப்பில் செருகினார். களிம்புச் சிமிழையும் இறகையும் பக்கத்தில் எடுத்துவைத்தார். வீட்டில் செய்வது மாதிரியே எல்லாம் ஒழுங்காகச் செய்தார்.

"வலி தெரியாதில்ல அந்தம்மாவுக்கு?" என்று கேட்டார் அங்கமுத்து. "எனக்குப் பாவம் கீவம் வேண்டாம்."

"தெரியாதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

கரண்டி சிவந்தது. அவர் என் கையைத் திருப்பி, மேல்பாத்தி மேலே வருகிற மாதிரி பிடித்தார்.

அங்கமுத்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "அங்க வேண்டாம். அங்க தோலு ஏற்கெனவே சுருங்கிக் கெடக்குது, ஆறினதும் தெரியாது, ஆறாததும் தெரியாது. இங்க வையுங்க." விரலை நடுப்பாத்தியில் வைத்தார். அந்த விரல் ஈரமாகக் குளிர்ந்து இருந்தது எனக்குத் தெரிந்தது.

"இங்கெயே வெச்சுக்கலாமுங்க. இதுதான் வாகு."

"ஏன், அந்த இடத்துல முன்னாடியே ஏதாவது தடவிக் கூட்டியாந்திருக்கீங்களா? நான் சொல்ற இடம்னுதானே பேச்சு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். நான் வாய் திறக்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. சொல்ல வேண்டியதைப் புளியமரத்தடியிலேயே சொல்லியாயிற்று. அமுக்கி அமுக்கிப் பார்த்தவர் அவர். கண்ணில் தண்ணீர் கட்டியதும் அவருக்குத்தான். இனி என்ன செய்கிறார் என்று பார்ப்பது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

கரண்டி கிட்டே வந்தது. ஒரு சாண் தூரத்தில் நின்றது. நான் பார்த்தேன், நிஜமாகவே நின்றது. பிறகு வந்தது.

வலி இவ்வளவு பெரியது என்று எனக்கு மறந்துபோயிருந்தது. பின்கட்டு முழுக்க வெளிச்சமானது மாதிரி இருந்தது. என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்குத் தெரியாது. அங்கமுத்துவின் பெண்சாதி உள்ளிருந்து ஓடி வந்தார். என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"என்னங்க இது, தெரியாதுன்னீங்களே" என்று அங்கமுத்து பின்னால் நகர்ந்தார்.

என் வீட்டுக்காரர் கரண்டியை அடுப்பில் போட்டார். அவர் வாய் தடுமாறவில்லை. "தெரியாமத்தானுங்க இருந்துது. இப்பத் திரும்பியிருக்குதுங்க. செத்துப்போன எடத்துல உசுரு வந்திருக்குதுங்க. அதுவும் இந்தக் களிம்புனாலதானுங்க."

அங்கமுத்து கொஞ்சநேரம் என் முகத்தையும் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் அழுகிற அழுகையை அவர் எடைபோடுவது தெரிந்தது. நடிப்பில்லை என்று கண்டுகொண்டதும் அவர் முகம் தெளிந்தது. "அடேயப்பா" என்றார். "போன உணர்ச்சியைத் திருப்பிக் கொண்டார களிம்பா? இதை முதல்லயே சொல்றதுக்கென்ன. நாளைக்கு என் கடைப் பங்காளியை வரச்சொல்றேன், அவருக்கும் ஒருக்கா காட்டிடலாம். இம்மாத்துண்டு காட்டினாப் போதும்."

என் வீட்டுக்காரர் சிமிழைத் திறந்துவிட்டு, இறகை நனைத்துக்கொண்டு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "குடு புள்ளே, தடவுனா எரிச்சல் அடங்கிரும்" என்றார். அதே முகம். எப்படித்தான் அந்த முகத்தை அவரால் திரும்பத் திரும்பக் கொண்டுவர முடிந்ததோ.

கையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.

"இது என்ர கைங்க" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆனால் தெளிவாகச் சொன்னேன். "கரண்டி இன்னம் அடுப்புலதான் கெடக்குது. உங்க கையில வெச்சுக் காட்டுங்க. உங்களுக்கு எல்லாப் பாத்தியும் சும்மாத்தானே கெடக்குது."

அவர் என்னையே பார்த்தார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அங்கமுத்து வியாபாரி. அவருக்கு எதிலும் கோபமில்லை, சரக்குத்தான் கணக்கு. "அந்தம்மா சொல்றதும் நியாயந்தான்" என்றார். "புதுத் தோலு, பழைய தழும்பு ஒண்ணும் கெடையாது. அதுல ஆறுச்சுன்னா யாரும் ஒரு வார்த்தை கேக்க முடியாது. உங்க களிம்பு மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்குதில்ல?"

"இருக்குதுங்க."

"அப்புறம் என்ன?"

என் வீட்டுக்காரர் மெதுவாக இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். கறுத்து உரமேறிய கை. ஒரு கீறல்கூட இல்லாத கை. அன்றைக்குக் கொப்பரைக் கம்பைப் பிடித்திருந்த கை. அடுப்பிலிருந்து கரண்டியை எடுத்தார். அது நன்றாகவே சிவந்திருந்தது. கையை நீட்டி, கரண்டியை அதற்கு நேராகக் கொண்டுவந்தார். ஒரு சாண் தூரத்தில் நின்றது.

அங்கேயே நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கமுத்துவும் அவர் பெண்சாதியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்டியின் சிவப்பு ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வந்தது, பிறகு நடுவிலும் மங்கியது. முழுக்கக் கறுத்தபிறகும் அவர் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை வழிந்து மூக்கு நுனியில் தொங்கியது. அங்கமுத்துவின் பெண்சாதிதான் கடைசியில் போய், அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு வாழைக் குருத்து ஒன்றைத் தண்ணீரில் அலசிக்கொண்டு வந்து என் கைமேல் போர்த்தினார். களிம்பு வேண்டுமா என்று கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அன்றைக்கே திரும்பிவிட்டோம். பஸ்ஸில் அவர் என் இடது பக்கம் உட்கார வந்தார். நான் எழுந்து அவரை ஜன்னல் பக்கம் விட்டுவிட்டு, அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்தேன். அப்படியும் என் இடது கைதான் அவர் பக்கம் வந்தது. மறுபடி எழுந்து நானே ஜன்னல் பக்கம் மாறிக்கொண்டேன். புண்பட்ட கை ஜன்னல் பக்கம் இருந்தது. மூட்டை அவர் மடியில் இருந்தது.

வெகுநேரம் கழித்து, "ரொம்ப நோவுதா?" என்று கேட்டார்.

பாகு கொட்டிய நாளிலிருந்து எத்தனையோ கேட்டிருக்கிறார். சீழ் நின்றதா, தோல் ஏறுகிறதா, எரிச்சல் குறைந்ததா. இதை அவர் கேட்டு நான் கேட்டதில்லை.

"ஆமாங்க" என்றேன். "நோவுதுங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, வாழையிலையை எடுத்துவிட்டுக் காற்றில் கையை வைத்துக்கொண்டேன். சுள்ளென்று எரிந்தது. என் அப்பாவுக்காக அழுதேன். ராசிபுரம் வந்து போனது, கரிப்புகை உள்ளே வந்துகொண்டே இருந்தது, எனக்கு அழுகை நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.